பூனைக்கு நாய் மருந்தைப் பிரித்து விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

எங்கள் பூனை மீனுவின் கழுத்து மயிரில் மிளகுத்தூள் சிதறியது போலக் கிடந்த கருந்துகள்களை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்தியபோது, அவை செம்பழுப்பாகக் கரைந்தன. தெள்ளுப்பூச்சி உறிஞ்சிக் கழித்த இரத்தம்தான் அது. கால்நடை மருத்துவரிடம் காத்திருக்கச் சோம்பல்பட்டு, மதுரையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். என் பங்குத் தவறு அது.

கடைக்காரர் மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரிலிருந்து சிறிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்து 150 ரூபாய்க்குக் கொடுத்தார். லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "நாய்க்குப் போடுறதுதாண்ணே, பூனைக்குப் பாதி போதும்" என்றார். பெரிய நாய்க்கான சொட்டு மருந்துக் குப்பியை உடைத்து, பல சிரிஞ்சுகளில் பிரித்து விற்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரவு எட்டு மணிக்கு அதைப் பிடரியில் விட்டேன். நள்ளிரவுக்குள் மீனுவின் காதுகள் விட்டுவிட்டுத் துடிக்கத் தொடங்கின; எச்சில் ஒழுகியது; நடக்கும்போது பின்கால்கள் தடுமாறின; விடியுமுன் வலிப்பு வந்துவிட்டது. தொலைபேசியில் பேசிய மருத்துவர், பாத்திரம் துலக்கும் திரவத்தைப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து, உடனே தூக்கிவரச் சொன்னார். சூடான நீர் மருந்தைத் தோலுக்குள் இன்னும் வேகமாக இறக்கிவிடும் என்றும், குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கூட்டும் என்றும் எச்சரித்தார். தசைத் துடிப்பை அடக்கும் ஊசியும் சலைனும் ஏற்றி, இரண்டு இரவுகள் அங்கேயே வைத்திருந்தபின் மீனு பிழைத்தது.

நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி செறிவாக இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதிகளின் செயல்பாடு பூனைக்கு மிகவும் குறைவு என்பதால், நஞ்சு உடலிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. ஆகவே "பாதி டோஸ்" என்ற கணக்கே பூனையிடம் செல்லாது. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்துறங்கிய பூனைகளுக்கும் இந்த நஞ்சு ஏறியதுண்டு. எனவே பெட்டியில் பூனைப் படமும், மருந்தின் பெயரும், எத்தனை கிலோ எடைக்கு உரியது என்பதும் அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள்.

இத்தனைக்கும், நான் பூனைமேல் கண்ட பூச்சிகள் மிகச் சிறு பகுதிதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். விரிப்புகளை வெந்நீரில் துவைத்து, பூனைக்கென்றே உள்ள மருந்தை மாதம் ஒருமுறை விட்டு வந்ததில்தான் அவை ஒழிந்தன. உடலை நக்கும்போது மீனு தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் நாடாப்புழுவும் சேர்ந்திருந்தது. வாலடியில் அரிசி போல ஒட்டியிருந்தவை அதன் துண்டுகளாம். நான் அவற்றைச் சோற்றுப் பருக்கை என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிராசிகுவான்டல் கலந்த மாத்திரை தர வேண்டியிருந்தது.

மருத்துவமனைச் செலவு ஏழாயிரத்தைத் தாண்டியது. கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, மறுபேச்சின்றி 150 ரூபாயை மேசைமேல் வைத்தார். அந்த டம்ளரில் அப்போதும் ஐந்தாறு சிரிஞ்சுகள் இருந்தன.