பத்து பெரிங்கியில் ஒரு நாளைக்கு 25 வெள்ளி: எந்தச் சோறு தேறும்?

மலேசியாவின் பினாங்குத் தீவில் கடற்கரையோரமாக இருக்கிற பத்து பெரிங்கிக்கு வருகிற சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகிறார்கள். கடல் எதிரிலேயே இருக்கிறது, மீன் மலிவாகக் கிடைக்கும். பினாங்கு சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர், எங்கே உட்கார்ந்தாலும் நன்றாக இருக்கும். இரண்டுமே பாதிதான் சரி. கடற்கரைச் சாலைக் கடைகள் பலவும் விடுதியில் தங்குகிறவர்களை நம்பி நடப்பவை. ஊருக்குள் இருப்பவன் அங்கே போய்ச் சாப்பிடுவது அபூர்வம்.

இந்த அலசலுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று வேளைச் சாப்பாடும் குடிப்பதும் அதற்குள் அடங்க வேண்டும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அதில் 25 சாப்பாட்டுக்கே போவது சிக்கனமல்ல என்று வீட்டில் சொல்வார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் அதற்குக் கீழே இழுப்பது கஷ்டம்.

மலிவு மட்டும் போதாது, சத்தும் வேண்டும் என்பதால் இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொள்ளலாம். சுகாதார அமைச்சு பல வருடமாகச் சொல்லிவரும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டு: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ கடைத் தட்டு ஒன்றைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். அந்தப் பாதி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

முதலில் நாசி கண்டார். வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது அதைத்தான். தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் சுமந்து வந்து கூலித் தொழிலாளர்களுக்கு விற்ற சோறு இது. ஜார்ஜ் டவுன் காம்பல் தெருவில் உள்ள ஹமீதியா கடை 1907 முதல் நடக்கிறது. ஆக, ஏழைப்பட்டவர்களின் சாப்பாடாகப் பிறந்ததுதான். இன்றைக்கும் சோறு, ஒரு முட்டை, வெண்டைக்காய், மேலே குழம்பு என்று நிறுத்திக்கொண்டால் 7, 8 வெள்ளியில் முடித்துவிடலாம். ஆனால் யார் நிறுத்துகிறார்கள்? கண்ணாடிக்குப் பின்னால் கை நீளக் கணவாய், மீன் முட்டை, பெரிய இறால் எல்லாம் குழம்பில் பளபளக்கும். விரலை நீட்டி வாய் திறப்பதற்குள் தட்டில் விழுந்துவிடும். எவ்வளவு என்பது கல்லாவில்தான் தெரியும். என் சித்தப்பா ஒருவர் ஒரே தட்டுக்கு 30 வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டு வெளியே வந்து, “கணவாய் ருசிதான், ஆனா விலையை நினைச்சா அந்த ருசியே போயிடுதே” என்றார். விலை தெரிந்திருந்தால் அவர் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனோடு நின்றிருப்பார்.

விலையை எழுதிவைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எழுதாத இடத்தில் கேட்பதில் வெட்கம் எதற்கு? பரிமாறுகிறவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள். “தம்பி, இந்தக் கணவாய் எவ்வளவு?” என்று தமிழிலேயே கேட்டுவிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘பஞ்சிர்’ என்றால் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், அதில் மாட்டுக் குழம்பும் சேரலாம். தட்டில் ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

சத்துக் கணக்கில் நாசி கண்டார் கொஞ்சம் பின்தங்குகிறது. சோறு குவியல், குழம்பில் எண்ணெய், காய்கறி என்று பார்த்தால் ஓரத்தில் நாலு வெண்டைக்காய். சோற்றைப் பாதியாகக் கேட்டு, முட்டைகோஸும் பாகற்காயும் கூடக் கேட்டால் நிலைமை தேறும். அப்படிக் கேட்டுச் சாப்பிடுகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதற்கு நேர் போட்டி, பகல் நேரத்தில் சீனர் கடைகளில் வைக்கும் எக்கனாமி ரைஸும் மலாய்க்காரர் கடை நாசி சம்புரும். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறேன், ஏனென்றால் தத்துவம் ஒன்றுதான். இருபது முப்பது தட்டு வரிசையாக இருக்கும், அதில் பாதிக்குப் பாதி காய்கறி. காங்கோங் கீரை, பயற்றங்காய், கத்தரிக்காய், தாவ்கே (முளைப்பயறு), தௌவு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா), முட்டை. இரண்டு காய், ஒரு தௌவு அல்லது முட்டை என்று எடுத்தால் 7 முதல் 9 வெள்ளிக்குள் முடியும். கோழி சேர்த்தால் ஒன்றிரண்டு கூடும். முழு மீன் எடுத்தால் கணக்கே வேறு. மலாய்க் கடையில் உலாமும் (பச்சையாகத் தின்னும் காய், இலை) சம்பால் பெலாச்சானும் (இறால் விழுது சேர்த்த மிளகாய்த் துவையல்) இருக்கும். பச்சைக் காயை மென்று தின்னப் பழகியவர்களுக்கு அது பெரிய வரம். தெலுக் பஹாங் பக்கம் போனால் இப்படிப்பட்ட கடைகள் கிடைக்கும், பத்து பெரிங்கியைத் தாண்டிய மீனவர் ஊர் அது.

குறை இல்லாமல் இல்லை. இங்கேயும் விலையைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள். தட்டு பரந்து தெரிந்தால் ஒரு வெள்ளி கூடும். உப்பும் எண்ணெயும் தாராளம். பதினொன்றரைக்குப் போனால் எல்லாம் சூடாக இருக்கும், ஒன்றரைக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான். சீனர் கடையில் பன்றி இறைச்சி இருக்கும் என்பதால் சிலருக்கு அது ஆகாது. ஆனால் சீனர்களின் சைவக் கடை என்று தனியாக உண்டு. பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகள். நம் பாட்டிமார் விரதத்துக்குக் கூட ஒத்துப்போகும். சீன நாட்காட்டியில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் தாங்காது, அன்றைக்குச் சீக்கிரம் போவது நல்லது.

தனியாகவோ இருவராகவோ வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டில் என் ஓட்டு இதற்குத்தான். நாசி கண்டாரைவிட ருசி என்பதற்காக இல்லை. ருசியில் நாசி கண்டார்தான் மேலே. பாதித் தட்டுக் காய்கறியை 8 வெள்ளிக்குத் தருகிற இடம் இந்த ஊரில் வேறு இல்லை, அதனால்.

வாழையிலைச் சாப்பாடு இந்த வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவிடும். சைவ இலைக்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பத்துப் பன்னிரண்டு வெள்ளி கொடுத்தால் மூன்று வகைக் காய், ரசம், மோர், அப்பளம், சோறும் காயும் கேட்கக் கேட்க வரும். காய்கறியை மறுபடி மறுபடி போடச் சொல்லலாம் என்பதுதான் விஷயம். இலையில் சோற்றைக் குறைத்துப் பொரியலை இரண்டு தடவை வாங்கினால் அமைச்சு சொன்ன தட்டு கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் பத்து பெரிங்கியிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு 101ஆம் எண் பேருந்து ஏற வேண்டும். போக சுமார் 3 வெள்ளி, வர 3 வெள்ளி. ஆக, இலையின் உண்மை விலை 18. மீதி 7 வெள்ளியில் காலையும் இரவும் ஓட்ட முடியாது. கோழி வறுவலோ ஆட்டுப் பிரட்டலோ கேட்டால் சொல்லவே வேண்டாம்.

அதனால் இது தனிப் பயணத்துக்கு ஏற்றதல்ல. குயீன் தெரு மாரியம்மன் கோயிலைக் கும்பிட, மளிகை வாங்க, புடவை பார்க்க என்று எப்படியும் ஊருக்குள் போகிற நாளில் இலையில் உட்காருங்கள். பேருந்துக் காசைக் கோயில் கணக்கில் எழுதிவிடலாம்.

சரி, சமைத்துச் சாப்பிட்டால்? அடுப்புள்ள அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுக்கிற குடும்பங்கள் இப்போது நிறைய. தஞ்சோங் பூங்கா சந்தைக்குக் காலையில் போனால் ஒரு கிலோ கெம்போங் 15, 18 என்று ஏறி இறங்கும். அதோடு காங்கோங் இரண்டு கட்டு, கத்தரிக்காய், தேங்காய்ப்பால், வெங்காயம், ஒரு சின்னப் பொட்டலம் மீன் கறித்தூள், அரிசி. நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 30, 32 வெள்ளி ஆகும். தலைக்கு 8. கடைச் சோற்றின் விலைதான். பிறகு எதற்குச் சமைப்பது? கடையில் அந்த 8 வெள்ளிக்கு ஒரு முட்டை கிடைக்கிறது, இங்கே தலைக்குக் கால் கிலோ மீன். அதில்தான் வித்தியாசம்.

தனி ஆளுக்கு இந்தக் கணக்கு உதவாது. எண்ணெய், உப்பு, கறித்தூள் எல்லாம் பாதிக்கு மேல் மிஞ்சும். 10 கிலோ உள்ளூர் அரிசிக்கு 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை இருந்தாலும், மூன்று நாளைக்கு வந்தவர் 10 கிலோவை வைத்து என்ன செய்வார்? 2.50 வெள்ளி மானிய எண்ணெய்ப் பொட்டலமும் குடிமக்களுக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி அதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போகக் கூடாது. மூன்று பேருக்கு மேல் இருந்தால் சமைக்கலாம், அதுவும் இரவு ஒரு வேளை மட்டும். விடுமுறையில் மூன்று வேளையும் அம்மாவை அடுப்படியில் நிற்க வைப்பது எந்தக் கணக்கில் மலிவு என்று எனக்குப் புரியவில்லை.

கடற்கரை ஓரத்துக் கடல் உணவுக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீனுக்கு விலை 100 கிராமுக்கு எழுதியிருப்பார்கள். 12 என்று பார்த்து மகிழ்ந்தால், அரைக் கிலோ மீன் 60 வெள்ளி. விடுதி உணவகம் என்றால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 6 சதவீதச் சேவை வரியும் சேரும். 30 வெள்ளிச் சாப்பாடு 35ஐ நெருங்கும். கடைசி நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அங்காடிக் கூடத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் மலிவு. பசெம்பூர் (வடைத் துண்டுகளை வெட்டிக் குழம்பு ஊற்றித் தருவது) வாங்கினால் மட்டும் கவனம். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை, இறால் வடையை எடுக்க எடுக்க ஏறிக்கொண்டே போகும்.

காலையில் பசியாறுவதற்கு எங்கும் பெரிய செலவில்லை. ரொட்டி சானாய் 2 வெள்ளிக்குள் கிடைக்கும், ஆனால் அது மைதாவும் மார்ஜரினும். தோசைக்கு விலை கொஞ்சம் கூடும், ஆனாலும் சாம்பாரில் காயும் பருப்பும் இருப்பதால் தோசைதான் மேல். கூடவே இரண்டு அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டால் மதியம்வரை தாங்கும். இப்படிக் காலைக்கு 6, மதியத்துக்கு 8.50, இரவுக்கு 8 என்று போட்டால் 22.50 ஆகிறது.

மீதி 2.50இல்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஒரு குவளை ஏறக்குறைய அந்த விலைதான். காலை, மதியம், இரவு என்று மூன்று குடித்தால் 7.50, கிட்டத்தட்ட இன்னொரு மதியச் சாப்பாடு. அத்தனையும் கெட்டிப்பால் சர்க்கரை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு. நம் வீடுகளில் விசாரித்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் தோன்றும். தே தாரேக்கைக் காலையோடு நிறுத்திவிட்டு, மற்ற வேளைக்கு ஆயிர் சுவாம் (வெதுவெதுப்பான தண்ணீர்) கேளுங்கள். அதற்குச் சில்லறைக் காசுதான். தேநீர் இல்லாமல் ஆகாது என்றால் சர்க்கரை போடாத ‘தே ஓ கோசோங்’. ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று மட்டும் சொன்னால் கலக்குகிறவர் கைக்கு வந்தபடி ஊற்றுவார், விலையும் குறையாது.