கடற்கொள்ளைத் தண்டல் காட்டும் யூத இயேசு: கொடைக்கானல் புதையல் வேட்டை பற்றி ஒரு மதிப்புரை

கொடைக்கானலில் நாயுடுபுரம் செல்லும் சாலையை ஒட்டிய பழைய பங்களா ஒன்றின் தோட்டத்தில், சனிக்கிழமைகளில் சூரியன் மறைந்த பிறகு ஒரு சிறு நாடகக் குழு நடத்திவரும் புதையல் வேட்டை, இயேசு ஒரு யூதர் என்ற உண்மையைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒருசேரப் புரியவைப்பதில் நான் தமிழில் கண்டவற்றுள் மிகச் சிறந்தது. கடற்கொள்ளையர் தலைவன் ஒருவன் முன்னே நடக்க, கைவிளக்கும் வரைபடமும் ஏந்திய பார்வையாளர்கள் தோட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடி, நற்செய்தி நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட தடயங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டு நிறைந்த நிகழ்ச்சிதான் என்றாலும், அதில் சொல்லப்படும் செய்திகள் விவிலியத்திலோ பழைய வரலாற்று நூல்களிலோ ஊன்றி நிற்கின்றன.

தோட்டத்தின் நடுவில் ஒரு பழைய மரப்படகை முட்டுக்கொடுத்து நிறுத்திப் பாய்மரமும் கட்டியிருக்கிறார்கள். அதன் அணியத்தில் ஏறி நிற்கும் தலைவனைத் தூத்துக்குடித் தோணிக்காரர் வழக்கப்படி ‘தண்டல்’ என்று எல்லோரும் அழைக்கிறார்கள். ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புத் துணியும் இடுப்பில் மரக்கத்தியுமாக அவன் பேசுவதும் அந்தக் கரையோரத் தமிழே. “ஏலே மக்கா, கொள்ளையடிக்கது என் தொழிலு, ஒத்துக்கிடுதேன். ஆனா ஓய்வுநாள்ல துடுப்பத் தொட மாட்டேன் பாத்துக்கிடுங்க, நான் யூதன்லே!” என்று அவன் முழங்கும்போது, வெள்ளி மாலை தொடங்கிய யூதரின் ஓய்வுநாள் சனிக்கிழமை இருட்டியதும் முடிகிறது என்பதையும், நிகழ்ச்சி ஏன் இருட்டிய பிறகே தொடங்குகிறது என்பதையும் பிள்ளைகள் கேட்காமலே தெரிந்துகொள்கிறார்கள்.

யூதக் கடற்கொள்ளையன் என்பது வெறும் வேடிக்கைக்காகப் புனைந்த பாத்திரம் அன்று. கி.பி. 67இல், உரோமையருக்கு எதிரான கிளர்ச்சியின்போது, யூதக் கிளர்ச்சியாளர்கள் இடிந்து கிடந்த யோப்பா என்ற கடற்கரை நகரைத் திருத்திக் கப்பல்கள் கட்டி, எகிப்துக்குச் செல்லும் கடல்வழியில் கொள்ளையடித்தார்கள் என்றும், உரோமைத் தளபதி வெஸ்பாசியனின் படை வந்தபோது அவர்கள் இரவோடு இரவாகக் கப்பல்களில் ஏற, விடியற்காலையில் எழுந்த வடகாற்று அந்தக் கப்பல்களைப் பாறைகளில் மோதி நொறுக்கியது என்றும், 4,200 உடல்கள் கரை ஒதுங்கின என்றும் அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். நம் தண்டல் அந்தப் புயலில் பிழைத்த ஒரு கிழவன். சிறுவனாக இருந்தபோது கலிலேயக் கரையில் நாசரேத்துக்காரர் ஒருவரைப் பார்த்தவன். வயதுக் கணக்கும் சரியாகப் பொருந்துகிறது. இயேசுவுக்கும் நமக்கும் இடையே ஒரு யூதனையே சாட்சியாக நிறுத்திய இந்த ஏற்பாடுதான் நிகழ்ச்சியின் முதுகெலும்பு. “அவரு எங்க ஆளுலே” என்று அவன் சொல்லும் ஒவ்வொரு முறையும், நெடுநாள் பிரிந்திருந்த உறவினரைப் பற்றிப் பேசும் பெருமை அவன் குரலில் இருக்கிறது.

கொடைக்கானல் ஏரியை வைத்து அவன் செய்யும் நகைச்சுவையைப் பெரியவர்களும் ரசித்தார்கள். கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே, 1863இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய நம் ஏரியையும், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே கிடக்கும் கலிலேயக் கடலையும் ஒப்பிட்டு, “அம்புட்டுப் பள்ளத்துல கெடக்க தண்ணியில கொள்ளையடிக்க என்னலே இருக்கு, மீனத் தவிர?” என்று அவன் கேட்கிறான். உடனே அவன் ஆட்கள் புல்தரையில் சுண்ணாம்பால் ஒரு படகின் வடிவத்தை வரைகிறார்கள். 1986இல் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, கினோசர் அருகே சேற்றிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான மீன்பிடிப் படகின் அளவு அது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். பிள்ளைகளை அந்தக் கோட்டுக்குள் நெருக்கி நிற்கவைத்து, “ஏலேலோ ஐலசா” பாடித் துடுப்புப் போடச் சொல்லும்போது, இயேசுவின் சீடர்கள் எவ்வளவு சிறிய கலத்தில் புயலைச் சந்தித்திருப்பார்கள் என்பது உடம்புக்கே தெரிகிறது.

தடயங்களில் முதலாவது ஒரு சிறு கூண்டு. எருசலேம் கோவிலுக்குக் குழந்தையைக் கொண்டுசென்ற குடும்பத்திடம் கொழுத்த ஆட்டுக்குட்டி கிடைக்கும் என்று நம்பித் தண்டல் கூண்டைத் திறக்கிறான். உள்ளே இரண்டு புறாக்கள் மட்டுமே இருக்கின்றன. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத தாய் இரண்டு புறாக்களைச் செலுத்தலாம் என்பது லேவியர் நூலின் சட்டம் என்றும், மரியாவும் யோசேப்பும் செலுத்தியது அந்த ஏழைகளின் காணிக்கைதான் என்றும் லூக்கா நற்செய்தியிலிருந்து ஒரு சிறுமி வாசித்ததும், “கொள்ளையடிக்க வந்த எடத்துல கண்ணக் கலங்க வெச்சிட்டீங்களே” என்று அவன் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துக் கூண்டில் வைக்கிறான். அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் என்பதும், திருச்சட்டத்தைக் கைக்கொண்ட குடும்பம் என்பதும் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன. ஆண்குழந்தையின் நுனித்தோலை நீக்கும் எட்டாம் நாள் விருத்தசேதனத்தையும் குழுவினர் தயங்காமல் தொடுகிறார்கள். கத்தி என்ற பேச்சு எழுந்ததுமே தண்டல் பாய்மரத்தின் பின்னால் ஓடி ஒளிகிறான், அதற்கு மேல் கேலி இல்லை. முன்பு சனவரி 1 விருத்தசேதனத் திருநாளாகவே கொண்டாடப்பட்டதையும், 1969இன் நாட்காட்டித் திருத்தத்தில் அந்நாள் மரியாவின் பெருவிழாவான பிறகும், எட்டாம் நாளைப் பற்றிய அந்த வசனத்தோடுதான் அன்றைய நற்செய்தி வாசகம் முடிகிறது என்பதையும் பங்கு மறைக்கல்வியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாலையின் உச்சம் அங்கிக் காட்சி. யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே கட்டிய கொடியில் ஓர் எளிய அங்கி தொங்குகிறது. அதன் நான்கு மூலைகளிலும் நீலநூல் கலந்த குஞ்சங்கள் இருக்கின்றன. “பட்டு கொள்ளையடிச்சிருக்கேன், பவளம் கொள்ளையடிச்சிருக்கேன், இந்த நூலுக்கு என்னலே வெல கெடைக்கும்?” என்று தண்டல் உதட்டைப் பிதுக்குகிறான். கட்டளைகளை மறவாதிருக்க ஆடையின் மூலைகளில் குஞ்சங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எண்ணிக்கை நூல் இஸ்ரயேலருக்குச் சொல்வதும், பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் துன்புற்ற பெண் கூட்டத்துக்குள் நுழைந்து தொட்டது இயேசுவின் அங்கியில் இருந்த அத்தகைய குஞ்சத்தைத்தான் என்பதும் பிறகு விளங்குகின்றன. நான் பலமுறை கேட்ட கதைதான்; ஆனால் அந்தப் பெண்ணின் விரல்கள் ஒரு யூதர் தம் திருச்சட்டத்தை நினைவில் வைத்திருக்க அணிந்த நூலைப் பற்றியிருந்தன என்று அன்றுதான் என் கண்முன் தெளிவாகத் தெரிந்தது. குஞ்சத்தை நீளமாக்கிப் பகட்டுக் காட்டுவோரை இயேசு கண்டித்தார், குஞ்சம் அணிவதை அன்று, என்று மத்தேயு 23ஆம் அதிகாரத்தைச் சுட்டித் தண்டல் சொன்ன விளக்கம் நல்ல மறையுரைக்கு ஈடானது.

மற்ற தடயங்கள் விரைவாக வந்து போகின்றன: நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவர் வாசித்த எசாயாவின் சுருள், முதன்மையான கட்டளை எது என்று கேட்டபோது யூதரின் அன்றாட வேண்டுதலான “இஸ்ரயேலே கேள்” என்று அவர் தொடங்கியது, பார்த்த மாத்திரத்தில் அவரை யூதர் என்று அறிந்துகொண்ட சமாரியப் பெண், சிலுவையின்மேல் ‘யூதரின் அரசன்’ என்று மூன்று மொழிகளில் உரோமை ஆளுநர் பிலாத்து எழுதிவைத்த குற்றப்பலகை. கோவில் அர்ப்பணிப்பு விழாவின்போது குளிர்காலத்தில் அவர் சாலமோன் மண்டபத்தில் உலாவியதாக யோவான் எழுதும் இடத்துக்கு மட்டும் இன்னும் சில நிமிடங்கள் கொடுத்திருக்கலாம். கொடைக்கானல் குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை.

கடைசியில் திறக்கப்படும் பெட்டியில் பொற்காசு ஒன்றும் இல்லை. ஒரு சுருளும், குஞ்சமும், பிள்ளைகள் சேர்த்த தடயங்களுமே இருக்கின்றன. யூதரைப் பணத்தோடும் புதையலோடும் சேர்த்துப் பேசும் பழைய இழிவழக்கு உலகில் பல நூற்றாண்டுகளாக உண்டு; கொள்ளையர் வேடத்தில் அது எளிதாக உள்ளே நுழைந்துவிடும். தண்டலின் முகப்பூச்சிலோ பேச்சிலோ அந்தச் சாயல் துளியும் படாமல் குழுவினர் காத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். நம் ஊர்களில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டப் போடும் பாஸ்கு நாடகங்களில், ஒருபக்கம் வெண்ணுடையில் இயேசுவும் சீடர்களும், மறுபக்கம் உரத்த குரலில் கத்தும் ‘யூதர்கள்’ என்று மேடை பிரிந்துவிடுகிறது. மரியாவும் பேதுருவும் யோவானும் இயேசுவும் அதே மக்களினத்தவர் என்பது அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. இயேசுவின் பாடுகளுக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்மீதும், இன்றுள்ள யூதர்மீதும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிவித்த பிறகும் இந்த நிலை தொடர்கிறது என்பது எனக்கு வேதனையானது. வட்டக்கானலுக்கு ஆண்டுதோறும் இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து தங்கும் இந்த மலையில், யூதர் என்றால் கடையில் நம்மோடு வரிசையில் நிற்கும் மனிதர் என்று அறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது நம் மேடைகள் திருந்த வேண்டும்.

இதே காரணத்தால்தான் நிகழ்ச்சியின் ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயராக வருபவர் வெறும் கோமாளி. கால் தடுக்கி விழுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். இயேசுவுக்கும் பரிசேயருக்கும் நடந்தது ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் வழக்கு. உயிர்த்தெழுதலை நம்பியதில் இருதரப்பும் ஒன்றே. ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான், போய்விடும் என்று வந்து எச்சரித்தவர்களும் பரிசேயர் சிலரே என்று லூக்கா 13ஆம் அதிகாரம் சொல்கிறது. உனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதே, அதுவே முழுத் திருச்சட்டம் என்று இயேசுவுக்குச் சற்று முந்திய ஆசிரியரான ஹில்லேல் கற்பித்ததாக யூத மரபு நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கோமாளிக்குப் பதிலாக, தண்டலோடு சரிக்குச் சரி வாதிடும் அறிவார்ந்த பரிசேயர் ஒருவர் வந்தால் இந்நிகழ்ச்சி முழுமை பெறும். நகைச்சுவையும் கூடுமே தவிரக் குறையாது.

முடிவில் புளிப்பில்லாத அப்பமும் பேரீச்சம்பழமும் சுக்குக் காப்பியும் தருகிறார்கள். அப்பம் சற்று வறண்டது, காப்பி அருமை. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர் நினைவுகூரும் பாஸ்கா இரவுச் சடங்கை நடித்துக் காட்டாமல் உணவோடு நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு. யூதர் இன்று வீடுகளில் கடைப்பிடிக்கும் அந்தச் சடங்கின் ஒழுங்கு, கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிக்கப்பட்ட பிறகு உருப்பெற்று வளர்ந்தது, அவர்களுக்கே உரியது.

கட்டணம் பெரியவருக்கு 250 ரூபாய், பிள்ளைகளுக்கு 150. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இருட்டில் தேடுவது கடினம். தவக்காலத்துக்கு முந்திய வாரங்களில் மறைக்கல்வி ஆசிரியர்களும், குறிப்பாகப் பாஸ்கு நாடகம் இயக்குவோரும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டுகிறேன். கம்பளிச் சட்டை அவசியம்; மூடுபனி இறங்கினால் இடம் பங்களாவின் கூடத்துக்கு மாறும், அங்கே தண்டலின் குரல் எதிரொலித்துப் பாதி வசனம் கேட்காது என்பதால், வானம் தெளிந்த சனிக்கிழமையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.