ஓஏஇயா, பெராவா? பிறந்த குழந்தைக்கு எந்தக் காது பரிசோதனை?

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘காது டெஸ்ட்: பாஸ்’ என்று இருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். செய்தது எந்த டெஸ்ட் என்று அங்கேயே கேளுங்கள். உட்காதைப் பார்க்கும் ஓஏஇ, நரம்பையும் பார்க்கும் பெரா என இரண்டு உண்டு; பெரும்பாலும் ஓஏஇயாகத்தான் இருக்கும்.

ஓஏஇயில் காதுக்குள் சிறிய ரப்பர் முனையை வைத்து ‘டிக் டிக்’ ஒலி அனுப்புவார்கள். உட்காதின் மயிர்ச்செல்கள் நன்றாக இருந்தால் பதிலுக்கு மெல்லிய ஒலி எழும். அதை மைக் பிடிக்கும். 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்த ஒலி இது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், செலவும் குறைவு. பிறந்த முதல் நாளில் காதுத் துளையில் மாவுப்படலம் அடைத்திருந்தால் நல்ல காதுகூட ‘ரெஃபர்’ (பாஸ் ஆகவில்லை, மேலும் சோதிக்க வேண்டும்) என்று வரலாம். அதற்குக் கலங்க வேண்டாம்; மறுபரிசோதனையை மட்டும் தவறவிடக் கூடாது.

என் கவலை ‘பாஸ்’ ஆன சில குழந்தைகளைப் பற்றியது. ஓஏஇ உட்காதோடு நின்றுவிடுகிறது. ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் கோளாறு இருந்தால் அதற்குத் தெரியாது. குறைமாதப் பிறப்பு, மூச்சுத்திணறல், ரத்தம் மாற்றும் அளவுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவற்றால் வரும் சேதம் இந்த இடத்தில் இருக்கலாம்.

அங்கே பெரா முறைதான் கைகொடுக்கும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தோலைத் துடைத்து எலெக்ட்ரோடு ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்பதிலைப் பதிவார்கள். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பால் கொடுத்துத் தூங்கவைத்தே அழைத்துப் போவது நல்லது. தானியங்கி பெரா கருவி பாஸ், ரெஃபர் என்று மட்டும் சொல்லும். எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று அறிய முழு பெரா வேண்டும்.

ஆகவே, சிக்கலின்றிப் பிறந்த குழந்தைக்கு முதலில் ஓஏஇ போதும். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்குத் தானியங்கி பெராவையே கேட்டு வாங்குங்கள். அதில் ‘ரெஃபர்’ வந்த பிறகு ஓஏஇ ‘பாஸ்’ காட்டித் தேற்றினால் ஏற்காதீர்கள். நேராக ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறன் நிபுணர்) போங்கள்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பதை இவற்றோடு சேர்க்கவே முடியாது. கை அசைவைப் பார்த்தும், அதிர்வை உணர்ந்தும் குழந்தை திரும்பும்.

1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. கர்ப்பத்தில் சிஎம்வி என்னும் வைரஸ் தொற்று இருந்திருந்தால் கேட்கும் திறன் பின்னாளிலும் குறையலாம். எனவே எந்த டெஸ்டில் பாஸ் ஆகியிருந்தாலும், பேச்சு தாமதமானால் ‘அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று காத்திருக்காமல் மறுபடி சோதியுங்கள்.