ரிச்சி தெரு மாடிக்கடை: போர்டு சாகலை, பயாஸ்தான் பழசு
கம்ப்யூட்டரின் பழைய பி450 மதர்போர்டில் ரைசன் 5 5600 பிராசஸரை மாட்டியதும் ஃபேன் சுத்துது, திரை மட்டும் கருப்பு. பிராசஸர் விற்ற கடைக்காரர், "போர்டு போச்சு சார், மாத்திடுங்க" என்று கையை விரித்துவிட்டார். இந்த மாடிக்கடை அண்ணன் ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்பே கேட்டார்: "பயாஸ் அப்டேட் பண்ணீங்களா?" பயாஸ் என்றால் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். போர்டு 2018-ல் வந்தது, பிராசஸர் 2022-ல். பழைய பயாஸுக்கு இதை அடையாளமே தெரியாது. பழைய பயாஸுக்குத் தெரிந்த ரைசன் 2600 பிராசஸர் ஒன்று கடையில் கிடந்தது; அதை மாட்டி, பென் டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றினார். பாதியில் கரன்ட் போனால் போர்டு நிஜமாகவே செத்துவிடும் என்று யுபிஎஸ்ஸில் செருகினார் பாருங்கள், அங்கேதான் அனுபவம் தெரிந்தது. பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகத் தடவிக் கொடுத்தார். கூலி 500 ரூபாய், நியாயம்தான். பில் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.