கேரித் தீவுத் தோட்டத்து ஷீட் பைல் சுவர்: எப்பாக்சி பூச்சும் அலுமினிய அனோடும் உழைத்த விதம்

மலேசியாவின் கேரித் தீவிலுள்ள செம்பனைத் தோட்டங்களில் ஆற்றங்கரையைத் தாங்கி நிற்கும் எஃகு ஷீட் பைல் சுவர் (பைல் எனப்படும் நீளத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து மண்ணில் அடித்து இறக்கிய சுவர்) சாய்ந்தால், படகுத்துறையோடு சேதம் நின்றுவிடாது. பண்டு எனப்படும் மண்கரை உடைந்து உப்புநீர் மரங்களுக்குள் ஏறிவிடும். லங்காட் ஆற்றை ஒட்டிய அப்படியொரு சுவரின் பராமரிப்பை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன். அதில் பூசப்பட்ட கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்சிப் பிசினும், எஃகுக்குப் பதிலாகத் தாமே கரைந்து அதைக் காக்கும் அலுமினிய அனோடுகளும் எப்படி உழைத்தன என்பதையே இங்கே எழுதுகிறேன்.

சுவர் முழுவதும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். EN 1993-5 என்னும் ஐரோப்பிய வடிவமைப்பு விதி, மிதவெப்பக் கடல்நீரில் அலை தெறிக்கும் பகுதியிலும், நீர்மட்டம் மிகத் தாழும் பகுதியிலும் 50 ஆண்டுகளில் ஒரு பக்கத்தில் 3.75 மி.மீ. எஃகு கரையும் என்கிறது. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் பகுதிக்கு அது 1.75 மி.மீ. மட்டுமே. 10 மி.மீ. தகட்டில் 3.75 மி.மீ. என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நம் கடல் அதைவிடச் சூடானது என்பதால், இந்த எண்களை நான் குறைந்தபட்ச மதிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இவற்றுள் தாழ்நீர்ப் பகுதியே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக இறங்கும் நேரத்தில் படகில் சென்று சுவரை நெருங்கிப் பார்த்தால், பூச்சு உரிந்த சில இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்ற படலம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் கறுப்புச் சேறு வரும். அதையும் துடைத்துவிட்டால் உள்ளே எஃகு புதிதாகக் கடைந்தது போலப் பளபளவென்று குழி விழுந்து நிற்கும். துருவே காணாத அந்தப் பளபளப்புத்தான் ஆபத்தின் அடையாளம். கந்தகத்தைச் சார்ந்து வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இந்த அரிப்பு, ஆண்டுக்கு அரை மி.மீ.க்கு மேலும் தகட்டைத் தின்னக்கூடியது. மேலே நங்கூரக் கம்பியால் கட்டப்பட்ட சுவர்களில் வளைவு விசை உச்சமாக இருக்கும் இடமும் பெரும்பாலும் இதற்கு வெகுதூரத்தில் இருப்பதில்லை. ஓட்டை விழுந்துவிட்டால் பின்னாலுள்ள மண் ஒவ்வொரு இறக்கத்திலும் கசிந்து வெளியேறி, மேலே தரை திடீரென்று உள்வாங்கும்.

பூச்சைப் பற்றி எனக்குத் திருப்தி உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பைல்களை அடித்து இறக்குவதற்கு முன்பே, பட்டறையில் Sa 2½ தரத்துக்கு (துரு ஏறக்குறைய முழுவதும் நீங்கும் அளவுக்கு) மணல் வீசிச் சுத்தம் செய்து பூசிய பகுதிகள் இன்றும் இறுக்கமாக இருக்கின்றன. படகுகள் உரசிய இடங்களிலும் பைல்கள் ஒன்றோடொன்று கோக்கும் இன்டர்லாக் விளிம்புகளிலும்தான் முதலில் விட்டுப்போயிற்று. பின்னாளில் நீர் இறங்கிய இடைவேளையில், ஈரமும் உப்பும் படிந்த எஃகின் மேல் அவசரமாகப் பூசிய ஒட்டுவேலை எதுவும் நிலைக்கவில்லை; அதற்குச் செலவழித்த பணம் வீண் என்றே சொல்வேன். அந்த இடத்தில் சுவரோடு ஒட்டி நீரைத் தடுக்கும் பெட்டி வைத்து, உலர்த்திப் பூசினால் மட்டுமே பயன் உண்டு.

அனோடுகள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைத்தன. அலுமினியக் கலவை அனோடு கிலோவுக்குச் சுமார் 2,500 ஆம்பியர்-மணி தரும். துத்தநாகம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூட எட்டாது என்பதால், விலை வித்தியாசத்தைப் பார்த்துத் துத்தநாகத்துக்குப் போவது நியாயமில்லை. ஆனால் ஆரம்பத்தில் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர், இன்டர்லாக் வழியாக மின்சாரம் தானாகவே பாயும் என்று நம்பி, பைல்களை ஒன்றோடொன்று கம்பி வைத்துப் பற்றவைக்காமல் விட்டுவிட்டார். இதனால் அனோடு பொருத்திய பைல்கள் காப்பாற்றப்பட, பக்கத்துப் பைல்கள் கேட்பாரற்றுக் கரைந்தன. கம்பி வைத்து இணைத்த பிறகுதான், வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையால் அளக்கும்போது எஃகு காக்கப்படுவதைக் காட்டும் -0.80 வோல்ட்டைத் தாண்டிய அளவு சுவர் நெடுகிலும் கிடைத்தது. பாக்டீரியா உள்ள இடத்தில் -0.90 வரை வேண்டும். கடல்நீர் ஏறி நிரம்பியிருக்கும் நேரத்தில்தான் அளக்கிறோம், ஏனெனில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்தால் அந்த மின்முனையின் அளவே நகர்ந்துவிடும். அனோடின் மேல் ஒருபோதும் பெயிண்ட் படக்கூடாது என்பதையும் வேலையாட்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டக்காரர்கள் மட்டும் சந்திக்கும் ஒரு சிக்கலும் உண்டு. இந்தக் கடலோர மண்ணில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் அதிகம். வாய்க்கால் நீரை அளவுக்கு மேல் வடித்து மண்ணைக் காயவிட்டால் அது காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. தண்ணீர்க் கேட் எனப்படும் மதகின் வாயருகே, இந்த அமில நீர் வந்து விழும் பைல்களில் தகடு மெலிந்திருப்பதை அல்ட்ராசோனிக் கருவி தெளிவாகக் காட்டியது. வாய்க்கால் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது செம்பனைக்கு மட்டுமன்றிச் சுவருக்கும் நல்லது என்று மேனேஜரிடம் வற்புறுத்தி வருகிறேன்.

அலை தெறிக்கும் மேற்பகுதிக்கு அனோடு உதவாது, நீருக்கு வெளியே அதற்கு வேலையில்லை. எனவே அடுத்த பழுதுபார்ப்பில், மேலே உள்ள கான்கிரீட் தலைப்பை அந்தப் பகுதி முழுவதும் மூடும்படி கீழே இறக்கவும், தேய்ந்து பாதியாகிவிட்ட அனோடுகளை மாற்றவும் கேட்டிருக்கிறேன். நிதி ஒன்றுக்கு மட்டுமே போதும் என்றால், அனோடுகளைத்தான் முதலில் வாங்குவேன்.