துகளுக்கு வெற்றிட ஊசி, கட்டிக்குப் பழைய கன்

பெங்களூரில் எங்கள் ஸ்கேன் பிரிவுக்குச் சோதித்துப் பார்க்கத் தந்திருந்த வெற்றிட பயாப்ஸிக் கருவி (சோதனைக்காக மார்பகச் சதையை ஊசியால் உறிஞ்சி வெட்டியெடுப்பது) பற்றி: மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், மட்டும் தெரியும் கால்சியம் துகள்களுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும் மார்பகக் கட்டிக்கு வேண்டாம். 14 கேஜ் ஊசியுள்ள பயாப்ஸி கன்னே போதும் (கேஜ் என்பது ஊசியின் தடிமன் அளவு; எண் குறைந்தால் ஊசி தடிமன்).

கன் ஸ்பிரிங் விசையில் பாய்ந்து ஒரு துண்டை வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஊசியை வெளியே எடுத்தாக வேண்டும். கட்டியென்றால் ஊசி நுனி திரையில் கூடவே தெரியும், கவலையில்லை. துகள்கள் அப்படியல்ல. இருபுறமும் 15 டிகிரி சாய்த்து எடுத்த இரண்டு எக்ஸ்ரே படங்களை வைத்துக் கணினி ஆழத்தைக் கணக்கிடும். குறி சற்றுத் தப்பினாலும் கன்னில் வெறும் கொழுப்புதான் வரும். இந்தக் கருவியின் 9 கேஜ் ஊசி உள்ளேயே நின்று, பக்கவாட்டு வாயைச் சுற்றித் திருப்பி, சதையை உறிஞ்சி வெட்டிக் கூடையில் சேர்க்கிறது. கூடையோடு எக்ஸ்ரே எடுத்தால் துண்டுகளுக்குள் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம். நோயாளியை மறுபடி வரவழைக்கும் கொடுமை பெருமளவு குறையும். இதற்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

கன்னின் திடீர் 'டக்' சத்தத்துக்குத் திடுக்கிடாதவர்கள் குறைவு. இதில் பம்ப் ஒரே சீராக இரைகிறது. "பக்கத்து வீட்டில் மாவு அரைப்பது போலிருக்கிறது, டாக்டரம்மா" என்றார் அல்சூரிலிருந்து வந்த ஓர் அம்மா, அசையாமல் படுத்தபடியே. ரத்தக்கட்டு மட்டும் கன்னைவிட அதிகம். ஊசியை எடுத்ததும் பத்து நிமிடமாவது கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலையை அவசரப்படுத்தவே கூடாது.

எனக்கு மனத்தாங்கல் ஊசி வாயின் நீளத்தில். 20 மில்லிமீட்டர். எங்களிடம் வரும் மெலிந்த பெண்களுக்கு, அழுத்திய மார்பகத்தின் தடிமன் சிலசமயம் அதற்கே இடம் தராது. வாய் முழுவதும் உள்ளே போகாவிட்டால் தோலையே உறிஞ்சிவிடும். அவர்களுக்குத் தேவையான 12 மில்லிமீட்டர் ஊசியைத் தனியாக ஆர்டர் செய்யச் சொல்கிறார்கள்.

ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படும். விலையோ கன் ஊசியைப்போலப் பல மடங்கு. போதாததற்கு, சதை எடுத்த இடத்தில் விட்டுவைக்கும் சிறு அடையாளக் கிளிப்புக்கும் தனி விலை. துகள்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டால், பிறகு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்போது மருத்துவருக்கு இடத்தைக் காட்ட அந்தக் கிளிப்தான் உண்டு. அதை ஊசியோடு சேர்த்தே தரவேண்டும் என்று விற்பனைப் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புக்கொண்டால் எங்கள் கொள்முதல் குழுவிடம் நானே பரிந்துரைப்பேன்.