உத்தரவு வருமுன் தடுப்பதா, வந்தபின் உடைப்பதா? புரோகிபிஷனும் செர்ஷியோராரியும்

ஒரே நிதியாண்டு, ஒரே உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது). அதற்கு எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு ஷோ-காஸ் நோட்டீஸ், அதாவது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் அறிவிப்பு. முதலில் மாநில ஜிஎஸ்டி அதிகாரி அனுப்பினார், சில மாதம் கழித்து மத்திய ஜிஎஸ்டி தரப்பும் அனுப்பியது. ஒரு தரப்பு ஒரு விஷயத்தில் நடவடிக்கை தொடங்கிவிட்டால் அதே விஷயத்தில் மறு தரப்பு தொடங்கக் கூடாது என்று ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 6(2)(பி) சொல்கிறது. ஆக, இரண்டாவது அதிகாரிக்கு இதில் கைவைக்கவே அதிகாரம் இல்லை என்பது எங்கள் வாதம். உடனே உயர் நீதிமன்றம் போய் அவரைத் தடுக்கச் சொல்லி புரோகிபிஷன் கேட்பதா, அல்லது பதில் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, உத்தரவு பாதகமாக வந்தால் செர்ஷியோராரி போட்டு ரத்து செய்யக் கேட்பதா என்பதுதான் கேள்வி. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். இதே நிலைமை மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடத்தில் தடையுறுத்தும் நீதிப்பேராணை, ஆவணக் கேட்பு பேராணை என்று படித்தவைதான் இவை. இரண்டும் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் கிடைப்பவை, தீர்ப்பாயம் மட்டுமல்ல, இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரிமீதும் செல்லும். கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, புரோகிபிஷனை முன்கூட்டியே கேட்கலாம் அவ்வளவுதான் என்று இங்கிலாந்தில் 1924லேயே நீதிபதி அட்கின் சொல்லிவிட்டார்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் பணம் இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உத்தரவின் சுருக்கமான டிஆர்சி-07 படிவம் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏறிய உடனே அந்தத் தொகை உங்கள் கணக்கில் பாக்கியாக நிற்கிறது. மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் வசூல் தொடங்கும், பிரிவு 79இல் உங்கள் வங்கிக்கும், உங்களுக்குப் பணம் தரவேண்டிய வாடிக்கையாளருக்கும்கூடக் கடிதம் போகலாம். மேல்முறையீடு செய்யலாமே என்றால், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டினால் மீதி வசூல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சரக்கு வாங்க வைத்திருந்த பணம். மேல்முறையீட்டைத் தவிர்த்து செர்ஷியோராரி கேட்டு நேராக உயர் நீதிமன்றம் போனாலும், இடைக்கால ஸ்டே கேட்கும்போது "ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வாருங்கள்" என்று நிபந்தனை வர வாய்ப்பு உண்டு. இதற்கிடையே வங்கியில் சிசி லிமிட் (தொழிலுக்கான சுழற்சிக் கடன் வரம்பு) புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டால், ஆடிட்டர் அறிக்கையில் அந்த டிமாண்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் கேட்கும் கேள்விகள் தனி. அதிகாரமே இல்லாதவர் போட்ட உத்தரவு என்றாலும், அதை ஒரு நீதிமன்றம் ரத்து செய்யும்வரை போர்ட்டலும் வங்கியும் அதை உத்தரவாகத்தான் பார்க்கும். புரோகிபிஷன் கட்டத்தில் இதில் எதுவுமே இல்லை, ஏனென்றால் டிமாண்டே இன்னும் பிறக்கவில்லை.

இந்த வாதத்துக்குப் பழைய துணை, கல்கத்தா டிஸ்கவுண்ட் கம்பெனி வழக்கு (1961). வருமான வரி அதிகாரி பழைய ஆண்டுகளின் கணக்கைத் திறக்க நோட்டீஸ் அனுப்பினார், நிறுவனம் உத்தரவுக்குக் காத்திராமல் நீதிமன்றம் போனது. அதிகாரமில்லாமல் ஒருவரை நீண்ட விசாரணைக்கும் அலைக்கழிப்புக்கும் ஆளாக்கினால் உயர் நீதிமன்றம் தடுக்கலாம், சட்டத்தில் வேறு பரிகாரம் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தடையாகாது என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, ஆபத்து? "இது வெறும் நோட்டீஸ்தானே, பதில் சொல்லுங்கள்" என்று முதல் நாளே தள்ளுபடி ஆகலாம். ஷோ-காஸ் நோட்டீஸை எதிர்த்து சாதாரணமாக ரிட் (நீதிப்பேராணை) கிடைக்காது என்பது குனிசெட்டி சத்தியநாராயணா தீர்ப்பு (2006). அதிகார வரம்பே இல்லாதபோது விதிவிலக்கு உண்டு என்பது வேர்ல்பூல் தீர்ப்பு (1998). எனவே உங்கள் குறை உண்மையிலேயே வரம்பு பற்றியதா என்று நேர்மையாகப் பாருங்கள். "அதிகாரி என் பில்களைச் சரியாகப் படிக்கவில்லை" என்பது வரம்பு மீறல் அல்ல. அவருக்குத் தவறாக முடிவெடுக்கவும் அதிகாரம் உண்டு, அதைச் சரிசெய்ய மேல்முறையீடு இருக்கிறது. உத்தரவைப் படித்தவுடனே கண்ணில் படுகிற சட்டப் பிழை என்றால் செர்ஷியோராரி. உங்களைக் கேட்காமலே முடித்துவிட்டார்கள் என்றாலும் அதுதான், அதற்குள் தடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

தொழிலாளர் தீர்ப்பாயங்களில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஆனால் அங்கே இதே ஆயுதம் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது டி.பி. மகேஸ்வரி வழக்கில் (1983) தெரிகிறது. வேலையிழந்தவரின் வழக்கு, அவர் 'தொழிலாளி'தானா என்ற ஆரம்பக் கேள்வியிலேயே பத்து ஆண்டுகளுக்கு மேல் உச்ச நீதிமன்றம்வரை இழுபட்டது. இப்படிப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி கடிந்துகொண்டார். முதலாளி பக்கம் நிற்பவர் புரோகிபிஷனைச் சும்மா இழுத்தடிக்கப் போட்டால் நீதிமன்றத்துக்கு எரிச்சல் வருவதில் ஆச்சரியம் இல்லை.

எங்கள் மனுவில் முதலில் இடைக்கால ஸ்டே, பிறகு மத்திய அதிகாரி தொடரக் கூடாது என்ற உத்தரவு கிடைத்தது. மாநில நோட்டீஸ் அப்படியே இருக்கிறது, அதற்கு இப்போதும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், வரியிலிருந்து யாரும் தப்பவில்லை.

போடப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வரம்பு ஆட்சேபத்தை முதலில் அந்த அதிகாரியிடமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அங்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வராது. அப்புறம், மனு தாக்கல் செய்து, நம்பர் ஆகி, பட்டியலில் வருவதற்குள் அதிகாரி உத்தரவைப் போட்டுவிட்டால் புரோகிபிஷன் வெறும் காகிதம். வேலை முடிந்த தீர்ப்பாயத்தைத் தடுக்க முடியாது, ஆனால் ஆவணம் இருக்கும்வரை செர்ஷியோராரி உண்டு, பாதி முடிந்திருந்தால் முடிந்ததற்கு ஒன்றும் மிச்சத்துக்கு ஒன்றுமாக இரண்டையும் கேட்கலாம் என்று ஹரி விஷ்ணு காமத் வழக்கில் (1955) சொல்லியிருக்கிறார்கள். அதனால் வக்கீலிடம் பேசும்போதே, உத்தரவு முந்திக்கொண்டால் கோரிக்கையைத் திருத்தும் மனுவையும் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.